புகை விட்ட மினார்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக்கு ரயிலில் போகிறவர்களுக்கு ஜன்னல் பக்கம் ஓர் ஆச்சரியம் உண்டு. தண்டவாளத்தை ஒட்டிப் பிரமாண்டமான ஒரு மசூதி. மேலே வண்ணக் கண்ணாடி பதித்த குவிமாடம், பக்கத்தில் உயரமான ஒரு மினார். முதல் தடவை போகிறவர்கள், "அட, இந்த ஊர்ல இவ்வளவு பெரிய மசூதியா?" என்று கேமராவைத் தேடுவார்கள்.

அது மசூதி இல்லை. சிகரெட் ஃபேக்டரி. மினார் என்று நாம் நினைப்பது புகைபோக்கி.

1909-ல் கட்டி முடித்தார்கள். ஹூகோ சீட்ஸ் என்ற புகையிலை வியாபாரி, துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்த யெனிட்ஸே என்ற ஊரிலிருந்து புகையிலை இறக்குமதி செய்துகொண்டிருந்தார். ஃபேக்டரிக்கும் அந்த ஊர்ப் பெயரையே வைத்தார். டிரெஸ்டன் அழகான பழைய நகரம். அதன் பக்கத்தில் தொழிற்சாலை மாதிரித் தெரியும் கட்டடம் எதுவும் வரக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. 'தொழிற்சாலை மாதிரித் தெரியக் கூடாது, அவ்வளவுதானே?' என்று சீட்ஸ் தன் ஃபேக்டரிக்கு மசூதி வேஷம் போட்டுவிட்டார். சட்டத்தையும் சமாளித்தாயிற்று, விளம்பரச் செலவும் மிச்சம். பி.காம். படித்தவன் என்ற முறையில் அந்த மனிதருக்கு ஒரு சல்யூட் வைக்கத் தோன்றுகிறது.

ஊர்க்காரர்கள் அதற்குப் 'புகையிலை மசூதி' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். அப்போதும் சிலர் முகம் சுளித்தார்கள்தான். ஆனால் காலம் போகப் போக அது ஊரின் அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது. இன்று உள்ளே அலுவலகங்கள் நடக்கின்றன. டிரெஸ்டன் தபால் அட்டைகளில் அதற்கு நிச்சயம் ஓர் இடம் உண்டு.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். மன்ஹைம் நகரத்துக்குப் பக்கத்தில் ஷ்வெட்ஸிங்கன் என்று ஓர் ஊர். 18-ம் நூற்றாண்டின் கடைசி இருபது வருஷங்களில், கார்ல் தியோடோர் என்ற ஆட்சியாளர் அங்கே தன் அரண்மனைத் தோட்டத்தில் ஒரு மசூதி கட்டினார். நிகோலா த பிகாஜ் என்ற கட்டடக் கலைஞரின் கைவண்ணம். இரண்டு மினார், நடுவில் குவிமாடம், சுவர்களில் அரபியிலும் ஜெர்மனிலும் பொன்மொழிகள். இதுவும் தொழுகைக்காகக் கட்டியது இல்லை. தோட்டத்தில் உலாவ வரும் சீமான்களும் சீமாட்டிகளும் பார்த்து மகிழ. அதே தோட்டத்தில் அப்போலோ கோயில் ஒன்றும் இருக்கிறது. இடிந்த மாதிரியே புதிதாகக் கட்டிய ரோமானியக் கட்டடமும் இருக்கிறது. அந்த வரிசையில் மசூதியும் ஓர் அயிட்டம்.

சுவரில் உள்ள அரபி எழுத்துகளில் பிழைகள் இருப்பதாகப் படிக்கத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்காதா பின்னே? படிக்கத் தெரிந்த ஆள் யாரும் வரப்போவதில்லை என்ற நம்பிக்கையில் எழுதியதுதானே.

மூன்றாவது கட்டடம் 1915-ல் வந்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளில் இருந்த இஸ்லாமியச் சிப்பாய்கள் ஜெர்மனியிடம் கைதிகளாக மாட்டினார்கள். நம் இந்தியச் சிப்பாய்களும் அதில் உண்டு. பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டோர்ஃப் என்ற இடத்தில் அவர்களுக்கென்று முகாம் போட்டு, மரத்தாலேயே அழகான ஒரு மசூதியையும் கட்டிக் கொடுத்தது கெய்சரின் அரசாங்கம். ஜெர்மன் மண்ணில் உண்மையாகவே தொழுகைக்கென்று எழுந்த முதல் மசூதி இதுதான். பக்தியா? அன்பா? இரண்டும் இல்லை. இந்தக் கைதிகளின் மனசை மாற்றி, இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் எதிராகத் திருப்பி விடலாம் என்பது கணக்கு. போர் முடிந்தது, கணக்கும் தீர்ந்தது. சில வருஷங்களில் மசூதியைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

தோட்டத்துக்கு அலங்காரம். சிகரெட்டுக்கு விளம்பரம். போருக்குப் பிரசாரம். மூன்று தடவையும் மசூதி வந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரராக ஓர் இஸ்லாமியர் வரவில்லை.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. லாகூரிலிருந்து போன அகமதியா பிரிவினர் 1920-களில் பெர்லினில் தாஜ்மஹால் சாயலில் ஒரு மசூதி கட்டினார்கள். இன்றும் அது நிற்கிறது. ஆனால் அப்போது பெர்லினில் இருந்த இஸ்லாமியர்கள் மிகச் சிலர். யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை.

விஷயம் எப்போது விவகாரம் ஆனது? சொல்கிறேன்.

*

1961 அக்டோபரில் ஜெர்மனியும் துருக்கியும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஜெர்மனியில் ஃபேக்டரிகள் ஏராளம், ஆள் குறைச்சல். துருக்கியில் ஆள் ஏராளம், வேலை குறைச்சல். 'விருந்தினர் தொழிலாளி' என்று பெயர் வைத்து ரயில் ரயிலாக ஆட்களை வரவழைத்தார்கள். சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள் என்று அழைத்தவர்களும் நினைத்தார்கள், வந்தவர்களும் நினைத்தார்கள்.

நம் ஊரிலிருந்து துபாய்க்குப் போன முதல் தலைமுறையும் இப்படித்தானே நினைத்தது. 'ரெண்டு வருஷம், வீட்டைக் கட்டிட்டுத் திரும்பிடுவேன்' என்று போனவர்கள் எத்தனை பேர் ரெண்டே வருஷத்தில் திரும்பினார்கள்?

1965 பிப்ரவரியில் கொலோன் நகரத்தில் ஒரு சம்பவம் நடந்தது. ரம்ஜான் நோன்பு முடிகிற சமயம். நூற்றுக்கணக்கான துருக்கித் தொழிலாளர்களுக்குக் கூட்டமாகத் தொழ இடம் இல்லை. கேட்டார்கள். கொலோன் கத்தீட்ரல், அதாவது 1248-ல் கட்ட ஆரம்பித்து 1880-ல் முடித்த, 157 மீட்டர் உயரத்தில் இரட்டைக் கோபுரங்கள் கொண்ட அந்த உலகப் புகழ்பெற்ற தேவாலயம், தன் கதவைத் திறந்து விட்டது. உள்ளே ஒரு பக்கத்தில் விரிப்புகளை விரித்து அவர்கள் தொழுதார்கள். அன்றைக்கு நகரம் ஒன்றும் இடிந்து விழவில்லை. விருந்தாளி ஒரு நாள் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால் பெருமைதானே!

விருந்தாளி நிரந்தரமாக வீடு கட்ட மனை கேட்டால்தான் நமக்கு வேறு முகம் வருகிறது.

பிறகு கிடைத்த இடத்திலெல்லாம் தொழுதார்கள். மூடிப்போன பட்டறை, கடைக்குப் பின்பக்க ஷெட், குடோன். ஜெர்மன்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'கொல்லைப்புற மசூதி'. தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாது. தெரியாதவரை யாருக்கும் ஆட்சேபணை இல்லை. கொலோனில் எஹ்ரன்ஃபெல்ட் என்ற பகுதியில், பழைய மருந்து ஃபேக்டரி ஒன்றில் 1980-களிலிருந்து இப்படி ஒரு மசூதி நடந்துவந்தது. அந்த இடத்தில் முறையாக ஒரு மசூதி கட்டலாம் என்று டிடிப் என்ற துருக்கிய இஸ்லாமிய அமைப்பு முடிவு செய்து, கட்டட வரைபடப் போட்டி ஒன்று வைத்தது.

2006-ல் ஜெயித்தது யார் தெரியுமா? பவுல் போம். இவருடைய தாத்தா டொமினிகுஸ் போம் வாழ்நாள் முழுக்கக் கத்தோலிக்கத் தேவாலயங்கள் கட்டியவர். அப்பா கோட்ஃப்ரீட் போம் தேவாலயங்களுக்காகவே பேர் வாங்கியவர். 1986-ல் பிரிட்ஸ்கர் பரிசு, கட்டடக் கலைக்கு நோபல் என்பார்களே அது, அவருக்குக் கிடைத்தது. பவுல் போமே கொலோனில் ஒரு தேவாலயம் கட்டியிருக்கிறார். மூன்று தலைமுறையாக மாதா கோயில் கட்டிய குடும்பம், நான்கு தெரு தள்ளி அல்லாவுக்கு ஒரு வீடு கட்ட வந்தது.

அவர் போட்ட வரைபடம் அழகானது. குவிமாடம் முழுசாக மூடியிருக்காது. கான்கிரீட் இதழ்கள் மொட்டு விரிவது போல விலகி நிற்கும், இடையில் கண்ணாடி. தெருவிலிருந்து அகலமான படிக்கட்டு ஏறினால் எல்லோருக்குமான ஒரு முற்றம். கீழே கடைகள், நூலகம். கட்டட வேலை பார்க்கும் என் நண்பர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன்.

"ஏம்ப்பா, குவிமாடத்தை நடுவுல கிழிச்சு வெச்சிருக்காங்க?"

"உள்ள என்ன நடக்குதுன்னு வெளிய போறவங்களுக்கும் தெரியட்டும்னுதான்."

"அப்படின்னா சண்டைக்கே வேலையில்லியே?"

அவர் கேட்டது நியாயம். ஆனால் சண்டை நடந்தது. மினார்கள் 55 மீட்டர் என்றதும், 'எங்கள் கத்தீட்ரல் இருக்கிற வானத்தில் இது எதற்கு?' என்று கிளம்பினார்கள். 2007, 2008 முழுக்க கொலோனில் இதே பேச்சு. 55 மீட்டர் என்பது கத்தீட்ரலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். மசூதி வரவிருந்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் 266 மீட்டர் உயரத்தில் ஒரு டி.வி. டவர் 1981-லிருந்து நின்றுகொண்டிருக்கிறது. அதைப் பார்த்து யாரும் ஊர்வலம் போகவில்லை. இன்னொரு வேடிக்கை. 2004-ல் யுனெஸ்கோ இந்தக் கத்தீட்ரலை 'ஆபத்தில் உள்ள பாரம்பரியச் சின்னம்' என்று பட்டியலில் சேர்த்தது. ஆபத்து எங்கிருந்து? ரைன் நதியின் அக்கரையில் திட்டமிட்டிருந்த உயரமான அடுக்குமாடிக் கட்டடங்களிலிருந்து. நகராட்சி உயரத்தைக் குறைக்க ஒப்புக்கொண்டதும் 2006-ல் அந்தப் பெயரை எடுத்தார்கள்.

ஆக, மீட்டர் கணக்கு ஒரு சாக்கு. உயரம் பிரச்னை என்றால் டேப் வைத்து அளந்து தீர்த்துவிடலாம். பிரச்னை, அந்த உயரத்துக்குக் கீழே நிற்கிற ஆள்.

*

அதே 2007-ல் அதே கொலோனில் இன்னொரு காரியம் நடந்தது. நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

உலகப் போரில் உடைந்துபோன கத்தீட்ரலின் பெரிய ஜன்னல் ஒன்றுக்குப் புதுக் கண்ணாடி போட கெர்ஹார்ட் ரிக்டர் என்ற புகழ்பெற்ற ஓவியரிடம் கேட்டார்கள். புனிதர்களின் உருவம் வரைந்து தருவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். 72 வண்ணங்களில் 11,000-க்கும் அதிகமான சின்னச் சின்னச் சதுரங்கள். எந்தச் சதுரம் எங்கே என்பதைப் பெரும்பாலும் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் முடிவு செய்தது. உருவம் இல்லை, கதை இல்லை. வெயில் அடித்தால் தரையெல்லாம் வண்ணம்.

கொலோனின் கார்டினல் மைஸ்னருக்கு அது பிடிக்கவில்லை. இது நம் கத்தீட்ரலுக்குப் பொருந்தாது, மசூதியிலோ வேறு தொழுகைக்கூடத்திலோ வைத்தால் பொருத்தமாக இருக்கும் என்கிற அர்த்தத்தில் சொல்லிவிட்டார். குறையாகச் சொன்னார். கேட்ட சிலருக்கு அது பாராட்டாகவும் பட்டது. உருவம் இல்லாத, கணக்கும் வண்ணமும் மட்டுமேயான அழகு என்பது ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக இஸ்லாமியக் கலைஞர்கள் வளர்த்த விஷயம் ஆயிற்றே!

பாருங்கள். தேவாலயம் கட்டும் குடும்பம் மசூதி கட்டுகிறது. மசூதிக்குரியது என்று சொல்லப்பட்ட ஜன்னல் தேவாலயத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே நேரம். கலைக்கு எல்லைக்கோடு போட முடியாது என்று இதைக் காட்டி ஒரு பட்டிமன்றமே நடத்தலாம். கைதட்டல் நிச்சயம். ஆனால் ஊர்ச் சண்டை அதனால் நிற்கவில்லை. ஏன்?

ரசிப்பதும் மதிப்பதும் வேறு வேறு சமாச்சாரம் என்பதால்.

இம்மானுவேல் கான்ட் என்ற ஜெர்மானியத் தத்துவவாதி இதைப் பற்றி யோசித்திருக்கிறார். ஒரு பொருளை அழகு என்று நாம் சொல்லும்போது, அதை உபயோகிக்கவோ சொந்தமாக்கவோ ஆசைப்படாமல் சும்மா பார்த்து மகிழ்கிறோம் என்பது அவர் கருத்து. மரியாதையைப் பற்றிப் பேசும்போது வேறு மாதிரிச் சொல்கிறார். மரியாதை நம் அகந்தையைக் கொஞ்சம் தட்டி உட்கார வைக்கும், அதனால் அதில் ஒரு சின்ன வலி கலந்திருக்கும் என்கிறார்.

காமர்ஸ் பாஷையில் சொன்னால் இன்னும் சுலபம். ரசனைக்குச் செலவு கிடையாது. மரியாதைக்கு உண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டு வாசலில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் போவது செலவு. உங்கள் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சியில் பழக்கமில்லாத ஒரு வடிவம் சேர்வது செலவு. இந்த ஊர் உன்னுடையது மட்டுமில்லை என்று தினமும் ஒரு கட்டடம் ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பது பெரிய செலவு. 'எனக்கு இஸ்லாமியக் கலை ரொம்பப் பிடிக்கும்' என்று ஒருவர் சொன்னால் சந்தோஷம். இந்தச் செலவுகளில் எதை எழுதினார் என்று கேட்டால்தான் மரியாதை இருக்கிறதா என்று தெரியும். ஷ்வெட்ஸிங்கன் தோட்டத்து மசூதியை ரசித்தவர்கள் ஒரு பைசா கூட இப்படிச் செலவழிக்கவில்லை.

இதில் மசூதி கட்டுகிறவர்கள் மட்டும் மாசற்றவர்கள் என்றும் எழுதிவிட முடியாது. எதிர்த்தவர்களில் ரால்ஃப் ஜோர்டானோ என்ற எழுத்தாளர் இருந்தார். யூதத் தாயின் பிள்ளை. நாஜிகளிடமிருந்து ஒளிந்து உயிர் பிழைத்தவர். அவரைப் போய் இனவெறியர் என்று யார் சொல்ல முடியும்? மசூதியை எதிர்த்த வலதுசாரிக் கும்பலோடு சேரவும் மறுத்தார். ஒருங்கிணைப்பு சரியாக நடக்காத நேரத்தில் இவ்வளவு பெரிய மசூதி தவறான செய்தியைச் சொல்லும் என்பது அவர் வாதம். இப்படிச் சொன்னதற்காக அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. மிரட்டியவர்கள் அந்த மசூதிக்கு எத்தனை செங்கல் பெயர்த்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ.

டிடிப் அமைப்புக்குத் துருக்கி அரசின் மத விவகாரத் துறையோடு நெருங்கிய உறவு. இமாம்களை அனுப்பியது அங்காரா, சம்பளம் கொடுத்தது அங்காரா. ஜெர்மனியில் பிறந்த பிள்ளைக்கு வேற்று நாட்டு அரசாங்க ஊழியர் மதம் சொல்லித் தருவது சரியா என்று கேட்டால், அது நல்ல கேள்வி. 2023 டிசம்பரில் ஜெர்மன் அரசும் துருக்கியும் பேசி, அங்கிருந்து இமாம்களை அனுப்புவதைப் படிப்படியாகக் குறைத்து ஜெர்மனியிலேயே பயிற்சி கொடுப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். கேள்வி கேட்டதால் வந்த பதில். ஆனால் கவனியுங்கள், இது நிர்வாகக் கமிட்டியிடம் கேட்க வேண்டிய கேள்வி. இதைப் போய் மினாரிடம் கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? மினாரைப் பத்து மீட்டர் குறைத்தால் இமாமின் சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்துவிடுமா?

2008 ஆகஸ்டில் நகர மன்றம் அனுமதி கொடுத்தது. மேயர் ஃப்ரிட்ஸ் ஷ்ரம்மா, பழமைவாதக் கட்சிக்காரர். அவருடைய கட்சியே எதிர்த்து வாக்களித்தது. அவர் ஆதரித்து வாக்களித்தார். மேலே சொன்ன செலவுக் கணக்கில் எழுதப்பட வேண்டிய பெயர் அது. அடுத்த வருஷம் பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தில் என்ன நடந்தது? நாட்டிலேயே மொத்தம் நான்கு மினார் இருந்தபோது, இனி ஒன்றுகூடக் கட்டக் கூடாது என்று 57.5 சதவிகிதம் பேர் ஓட்டுப் போட்டார்கள்.

கொலோன் மசூதி வளர்ந்தது. நடுவில் கட்டடக் கலைஞரோடு தகராறு, கோளாறு, தாமதம். நம் ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் விளக்கவே வேண்டாம். கடைசியில் 2018 செப்டம்பர் 29-ம் தேதி திறப்பு விழா. திறந்து வைத்தது துருக்கி அதிபர் எர்டோகன். தெருக்கள் அடைக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான போலீஸ், ஒரு பக்கம் எதிர்ப்பு ஊர்வலம். கொலோன் நகர மேயர் விழாவில் இல்லை. மாநில முதல்வரும் இல்லை. 'உள்ளே நடப்பது வெளியே தெரியட்டும்' என்று குவிமாடத்தையே பிளந்து கண்ணாடி வைத்துக் கட்டிய கட்டடத்தை, அக்கம்பக்கத்துக்காரர்கள் கிட்ட வர முடியாத ஒரு விழாவில் திறந்தார்கள்.

செலவு என்பது இரண்டு பக்கமும் எழுத வேண்டிய கணக்கு. வந்தவரும் எழுத வேண்டும். அன்றைக்கு அவர்கள் எழுதவில்லை.

*

'மினார் இல்லாமல் தொழ முடியாதா?' என்று ஒரு கேள்வியும் வரும். தாராளமாக முடியும். மதீனாவில் நபிகள் கட்டிய பள்ளிவாசல் மண்ணும் பேரீச்ச மரமும்தான். மினார் பிற்பாடு வந்தது. அவ்வளவு தூரம் ஏன், நம் கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். கல் தூண்கள் வரிசையாக நிற்கும், கோயில் மண்டபம் மாதிரியே இருக்கும். இந்த மண்ணின் சிற்பிகள் தெரிந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். வடிவம் ஊருக்கு ஊர் மாறும், மாறலாம். ஆனால் 'எனக்கு மினார் வேண்டாம்' என்று நான் சொல்வதற்கும், 'உனக்கு மினார் வேண்டாம்' என்று நீங்கள் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. முன்னது அடக்கம். பின்னது அடக்குவது.

அடக்கத்துக்கு நல்ல உதாரணம் பவேரியாவில் பென்ஸ்பெர்க் என்ற சின்ன ஊர். 2005-ல் அங்கே ஒரு மசூதி திறந்தார்கள். கட்டடக் கலைஞர் ஆலென் யாசரேவிச். வாசலில் இரண்டு பெரிய கான்கிரீட் பலகைகள், திறந்த கதவு மாதிரி. ஒன்றில் அரபி, இன்னொன்றில் ஜெர்மன். அங்கே உள்ள மினார் எஃகுத் தகட்டில் செய்தது. அதிலிருந்து பாங்கு ஒலி வருவதில்லை. பாங்கின் வார்த்தைகளையே தகட்டில் எழுத்தெழுத்தாக வெட்டிவிட்டார்கள். உள்ளே விளக்கு ஏற்றினால் எழுத்துகள் ஒளிரும். அக்கம்பக்கத்துத் தூக்கத்தைக் கெடுக்காமல், தங்கள் அழைப்பையும் கைவிடாமல், ஒலியை ஒளியாக மாற்றிக்கொண்டார்கள். இந்தக் காலத்து இஸ்லாமியக் கட்டடக் கலையில் எனக்குத் தெரிந்து இதைவிட மரியாதையான மினார் இல்லை. யாரும் கட்டளை போட்டு வரவழைத்த மரியாதை இல்லை என்பதால்தான் அதற்கு அழகு.

கொலோனிலும் ஒரு வழி கண்டார்கள். 2022 அக்டோபர் 14-ம் தேதி, வெள்ளிக்கிழமை, முதல்முறையாக அந்த மசூதியிலிருந்து பாங்கு வெளியே ஒலித்தது. வாரத்தில் ஒரு நாள், அதிகபட்சம் ஐந்து நிமிஷம், 60 டெசிபல். நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் சத்தம்தான் அது. கத்தீட்ரல் மணி இதைவிடப் பல மடங்கு சத்தம். ஆனாலும் இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் செலவு எழுதியிருக்கிறார்கள்.

இதெல்லாம் துருக்கிக்காரர்கள் பாடு, நமக்கென்ன என்று நினைக்கிறீர்களா? கொலோனிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் ஹாம் என்று ஓர் ஊர் இருக்கிறது. இலங்கைப் போரில் வீடிழந்து போன தமிழர்கள் அங்கே 1989-ல் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் காமாட்சி அம்மனை வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். கொல்லைப்புற மசூதி மாதிரி ஒரு நிலவறைக் கோயில். தேர்த் திருவிழாவுக்குக் கூட்டம் கூடக் கூட, குடியிருப்புப் பகுதி தாங்கவில்லை. கடைசியில் தொழிற்பேட்டைப் பக்கம் இடம் கிடைத்து, இந்தியாவிலிருந்து சிற்பிகள் போய், 2002-ல் கும்பாபிஷேகம் நடந்தது. சுற்றிலும் ஜெர்மன் ஃபேக்டரிகள், நடுவில் வண்ண வண்ணமாக நம் கோபுரம். போட்டோவைப் பார்க்கும்போது தொண்டையில் ஏதோ அடைக்கிறது, இல்லையா?

அதே அடைப்புதான் எஹ்ரன்ஃபெல்டில் படிக்கட்டு ஏறிய அந்தத் துருக்கிக் கிழவருக்கும் இருந்திருக்கும். நாற்பது வருஷம் குடோனில் தொழுதவர் அவர். கோபுரமோ மினாரோ, புலம்பெயர்ந்தவருக்கு அது சாமிக்குச் சொல்லும் சேதி இல்லை. சாமிக்கு நிலவறையிலிருந்தும் கேட்கும். 'நாங்க இருக்கோம்' என்று ஊருக்குச் சொல்லும் சேதி. 'திரும்பிப் போகப்போவதில்லை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சேதியும்கூட.

*

பரஸ்தூ ஃபரூஹர் என்ற ஈரானியக் கலைஞர் 1991-லிருந்து ஜெர்மனியில் வாழ்கிறார். அவர் அடிக்கடி செய்யும் ஒரு படைப்பு: ஓர் அறையின் சுவர், தரை எங்கும் பாரசீக எழுத்துகளைக் கையால் எழுதி நிரப்பிவிடுவார். மேற்கத்திய ரசிகர்கள் உள்ளே நுழைந்ததும் அந்த வளைவுகளின் அழகில் சொக்கிப்போவார்கள். படிக்கத் தெரிந்தவர் வந்தால் துண்டு துண்டான வார்த்தைகள்தான் கிடைக்கும், கோவையான வாக்கியம் கிடைக்காது. இன்னொரு வகைப் படைப்பு இவருடையது. தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணைப் பறிக்கும் அலங்காரக் கோலம். கிட்டே போனால் சித்திரவதைக் காட்சிகள். 1998-ல் இவருடைய அப்பா, அம்மா இருவரும் தெஹ்ரானில் தங்கள் வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். அரசியல் எதிர்ப்பாளர்கள் அவர்கள். கோலத்தை மட்டும் ரசித்துவிட்டு நகர்கிறவரை, 'கொஞ்சம் கிட்ட வாங்க' என்று கூப்பிடுகிற கலை இது. கிட்டே போனால் செலவு ஆரம்பம்.

பெர்லினில் ஓர் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் உண்டு. அங்கே உள்ள பொக்கிஷங்களில் ஒன்று அலெப்போ அறை. சிரியாவின் அலெப்போ நகரத்தில், 1600-களின் தொடக்கத்தில், ஒரு கிறிஸ்தவ வியாபாரி தன் வீட்டு வரவேற்பறைக்குச் செய்வித்த வண்ண மரப்பலகைகள். இஸ்லாமிய அலங்காரம், அரபி வாசகங்கள், நடுவே குழந்தையோடு மாதா. 1912-ல் விலைக்கு வாங்கி பெர்லின் கொண்டுவந்தார்கள். லட்சோபலட்சம் பேர் வந்து பார்த்து ரசித்தார்கள்.

2015-ல் சிரியாவிலிருந்து அகதிகள் சாரை சாரையாக ஜெர்மனிக்கு வந்தார்கள். பொருள் முன்னாலேயே வந்துவிட்டது, அந்தப் பொருளின் ஊர்க்காரர்கள் இப்போதுதான் வந்தார்கள். அந்த டிசம்பரில் அருங்காட்சியகம் ஒரு காரியம் செய்தது. சிரியா, இராக் அகதிகளையே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வேலைக்கு வைத்தது. திட்டத்துக்குப் பெயர் 'முல்தகா'. அரபியில் சந்திக்கும் இடம் என்று அர்த்தம். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, 'இது என் நாட்டு வேலைப்பாடு, இப்படித்தான் எங்கள் வீடுகளில் விருந்தாளியை உட்கார வைப்போம்' என்று சொல்கிற இடத்தில் அவர்கள் நின்றார்கள்.

கட்டடம் 2023 அக்டோபரில் புதுப்பிக்கும் வேலைக்காக மூடப்பட்டது. அலெப்போவில் அதே மாதிரி எத்தனையோ வீடுகள் போரில் தரைமட்டம். அகதிக்கு வேலை கொடுத்ததால் அகதிப் பிரச்னையும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் நூறு வருஷமாகப் பொருளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஊர், ஒரு நாள் அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் நின்ற ஆளையும் நிமிர்ந்து பார்த்து, அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டது. அவருக்கு ஒரு சம்பளமும் கொடுத்தது.

டிரெஸ்டன் சிகரெட் ஃபேக்டரி இன்றும் அழகாகத்தான் நிற்கிறது. நீங்கள் போனால் அவசியம் பாருங்கள், நானும் ரசிப்பேன். பார்த்த கையோடு, அந்த ஊரில் நிஜமாகவே தொழுகிறவர்கள் எந்தக் கட்டடத்தில் தொழுகிறார்கள் என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். மரியாதை அந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.